உறையாத புட்டிங்கும் 'ரொம்ப ஈஸி' ஆசாமியும்

கொசுவுக்குப் புகை அடிக்கிறார்கள், எலிக்குப் பொறி வைக்கிறார்கள், 'ரொம்ப ஈஸி' ஆசாமிக்கு மட்டும் இந்தச் சென்னைப் பட்டணத்தில் யாரும் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டு ஃபேன் நின்றுபோனபோது, "இதுக்குப் போய் எலக்ட்ரீஷியனா? ஸ்டூலைக் கொண்டாங்கோ" என்றவர் அவர்தான், ஃபேனுக்குத் துணையாக டியூப் லைட்டும் அணைந்துபோனபின், வீட்டில் அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவரும் அவர்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிற கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி, "அதில் என்ன சார் இருக்கு? நாலு பட்டனைத் தட்டணும், அவ்வளவுதானே" என்பார். கம்ப்யூட்டரை அவர் பார்த்ததெல்லாம் ரயில்வே ரிசர்வேஷன் கவுன்டரின் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமில்லை. பேசும்போது வலது கை ஈ ஓட்டுவதுபோல் காற்றில் ஒரு வீசு வீசும். அந்த வீச்சில் அடுத்தவர் படும் பாடு அத்தனையும் பறந்துவிடும். பிரசவமா, பெண் கல்யாணமா, ரேஷன் கார்டில் பெயர் மாற்றமா, எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் இந்த இனத்தின் பிரதிநிதி முதல் மாடி சந்திரமௌலி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் மொட்டை மாடி விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அசோசியேஷன் செக்ரட்டரி ராகவேந்திரன் தன் ஆபீஸில் பாட்லக் என்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில், அதை எங்கள் தலையிலும் கட்டினார். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். எல்லாரும் மாடியில் கூடிச் சாப்பிட வேண்டியது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. யார் கையை நம்பலாமோ அவர்களுக்குப் புளியோதரை, அவியல், குருமா. யார் கையை நம்ப முடியாதோ அவர்களிடம் ராகவேந்திரன் மிக மரியாதையாக, "நீங்க சிரமப்பட வேண்டாம் சார், பேப்பர் பிளேட் வாங்கிண்டு வந்துடுங்கோ" என்பார். எங்கள் குடியிருப்பில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

சந்திரமௌலி வருஷா வருஷம் பேப்பர் பிளேட்தான். முதல் விருந்துக்கு அவர் மனைவி விஜயலக்ஷ்மியை நகரச் சொல்லிவிட்டு, "ரொம்ப ஈஸி" என்று அவரே தட்டிய தயிர்வடையைக் கடைசியில் காய் நறுக்கும் கத்தியால் வெட்டிச் சாப்பிட வேண்டியிருந்தது. அன்றைக்கு விழுந்த முத்திரை.

விஜயலக்ஷ்மி மாமிக்கு அது தீராத வயிற்றெரிச்சல். "எல்லாரும் மணக்க மணக்க தூக்கு தூக்கா எடுத்துண்டு போறா. நான் பிளாஸ்டிக் பையைத் தூக்கிண்டு, சாவு ஆத்துக்குச் சாமான் கொண்டு போறாப்ல போறேன். எங்கம்மாவாத்துல நான் சமைச்சா தெருவே மூக்கை நீட்டும், தெரியுமோ?" என்று அவர் சொல்லும்போது கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பும்.

இந்த நிலையில்தான் கேபிள் டிவியில் மத்தியான வேளையில் ஒரு அம்மாள் பழம் அலங்கரித்த புட்டிங் செய்து காட்டினாள். பாலை உறையவைக்கிற சைனா கிராஸைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கரைத்து, இனிப்பு சேர்த்த சூடான பாலில் ஊற்றி, பிஸ்கட் அடுக்கிய தட்டில் கொட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து, உறைந்ததும் மேலே பழம் அடுக்க வேண்டும். சந்திரமௌலி அன்று சாயந்திரமே ராகவேந்திரன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஸ்வீட் என் பொறுப்பு."

"சார், பிளேட்..."

"பிளேட்டை வேற யாருக்காவது கொடுங்கோ. இது அஞ்சு நிமிஷ வேலை. அடுப்பே வேண்டாம்."

அடுப்பு வேண்டாம் என்று அந்த அம்மாள் எங்கே சொன்னாள்? சொல்லவில்லை. ஆனால் 'ரொம்ப ஈஸி' ஆசாமி எந்தச் செய்முறையையும் அப்படியே விட்டுவைக்க மாட்டார். ஏழு படி இருந்தால் நாலாக்குவார். வைக்கோல் போலிருந்த சைனா கிராஸைச் சனிக்கிழமை ராத்திரியே வெந்நீரில் ஊறப்போட்டார். ஊறினால் கரைந்துவிடாதா என்ன?

கீழ்வீட்டு ஜஹீதா மாடிப்படியில் அவருக்கும் மாமிக்கும் எதிர்ப்பட்டாள். நோன்பு மாசம் முழுக்க அவள் வீட்டில் இதே சாமானைக் கடல்பாசி என்ற பெயரில் காய்ச்சி, துண்டு போட்டு, எங்கள் எல்லாருக்கும் தட்டில் வைத்து அனுப்புவது வழக்கம். நம் ஆசாமி அதில் நாலு துண்டைக் கேட்டு வாங்கித் தின்றவர். அவளிடமே கடல்பாசி செய்வது எப்படி என்று விளக்கினார்.

"ஊறவச்சதும் அடுப்புல வச்சு நல்லா காய்ச்சுவீங்கல்ல சார்?" என்றாள் அவள்.

"காய்ச்சறதெல்லாம் அந்தக் காலம்மா. இது மாடர்ன் மெதட்."

ஜஹீதா மாமியைப் பார்த்தாள். மாமி பகவானைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊறிய சைனா கிராஸை ஆறின பாலில் கொட்டிக் கலக்கி, பிஸ்கட்மேல் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தார். சாயந்திரம் திறந்து பார்த்தால் பிஸ்கட் இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளைவெளேரென்று ஒரு குளம். அதில் இழை இழையாக என்னவோ நீந்திக்கொண்டிருந்தது.

"ஏன்னா, இது ஆடறதே!"

"புட்டிங்னா ஆடத்தான் ஆடும்."

"இது அலையடிக்கறதுன்னா!"

"மேலே பழத்தை வச்சா அமுங்கிடும்," என்றார் சந்திரமௌலி.

லஸ் முனையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பழங்களைக் கடைபரப்பினார். நடுவில் ஒரு சிவப்பு செர்ரியை வைத்தார். அது ஒரு கணம் யோசித்தது, பிறகு முங்கியது. இன்னொன்றை வைத்தார், அதுவும் முங்கியது. திராட்சைகள் குடும்பத்தோடு இறங்கின. மாதுளை முத்துகள் சத்தம் போடாமல் போய்ச் சேர்ந்தன. ஆப்பிள் துண்டுகள் மட்டும் விசுவாசமாக மிதந்து, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி ஓரம் ஒதுங்கின. சந்திரமௌலி அசரவில்லை, முங்கிய இடத்திலேயே இன்னொரு பழத்தை வைத்துக்கொண்டிருந்தார். "அடியில ஒரு லேயர் சேர்ந்துடுத்துன்னா அப்புறம் மேலே நிக்கும் பாரு" என்று விளக்கம் வேறு.

பிறகு அந்தப் பெரிய குழிவான கண்ணாடித் தட்டோடு மாடிப்படி ஏறினார். முன்னால் அவர், பின்னால் கையில் துணியோடு, படிக்குப் படி துடைத்துக்கொண்டு மாமி. இந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மாமி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

மாடியில் புளியோதரைக்கும் ஜஹீதாவின் தேங்காய்ப்பால் சாதத்துக்கும் நடுவில் தட்டு வைக்கப்பட்டது. எல்லாரும் கூடி நின்று எட்டிப் பார்த்தார்கள். ராகவேந்திரன் கத்தியை எடுத்தார், துண்டு போடலாமென்று. தட்டைப் பார்த்தார், கத்தியை வைத்தார். கரண்டியை எடுத்தார்.

"இது... என்ன சார்?"

நம்ப மாட்டீர்கள். சந்திரமௌலியின் வலது கை பாதி வீச்சில் நின்றுபோயிற்று. அடுத்த வருஷத்துப் பேப்பர் பிளேட், அதற்கடுத்த வருஷத்துப் பேப்பர் பிளேட், ஆயுசு பரியந்தம் பேப்பர் பிளேட் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

அப்போது விஜயலக்ஷ்மி மாமி துடைத்துக்கொண்டிருந்த துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். ராகவேந்திரன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, பழத்தை அடியிலிருந்து மேலே வரும்படி ஒரு கலக்குக் கலக்கினார்.

"பாயசம்," என்றார். "சேமியாவுக்குப் பதிலா கடல்பாசி போட்டிருக்கேன். பம்பாய்ல எங்க நாத்தனாராத்துல இப்படித்தான் பண்ணுவா. குளிர்ச்சி. கப் இருக்கோ?"

ஜஹீதா முதல் கப்பை நீட்டினாள். ஒரு வாய் குடித்தாள். இழையை மென்று பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"சூப்பரா இருக்கு மாமி," என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அவ்வளவுதான். பால், பழம், பிஸ்கட், தித்திப்பு, எது கெட்டுப்போயிற்று? ஆளுக்கு ரெண்டு கப் குடித்தார்கள். தட்டு வழித்தாகிவிட்டது, அதற்கு முன்பே கப் தீர்ந்து, சிலர் டம்ளருக்காகக் கீழே ஓடினார்கள். ராகவேந்திரன் வாயைத் துடைத்துக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்: "அடுத்த வருஷம் பாயசம் மாமி பொறுப்பு. சார், நீங்க..."

"சொல்லுங்கோ."

"பேப்பர் கப்."

மாமி சிரித்த சிரிப்பை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சந்திரமௌலி அசருகிற ஆளா? வலது கை பழையபடி வீசியது.

"கப்தானே? ரொம்ப ஈஸி."

சரி, அவர் கதையை விடுங்கள். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது, நடுவில் எங்கேயோ, "சே, அந்தச் சைனா கிராஸை ஒரு கொதி கொதிக்கவிட்டிருந்தால் கல் மாதிரி நின்றிருக்குமே, அஞ்சு நிமிஷ வேலை!" என்று முணுமுணுத்தீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் இதுவரை எத்தனை புட்டிங் செய்திருக்கிறீர்கள்? அப்படியா? வலது கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அடுத்த பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு அவசியம் வாருங்கள். நீங்கள் ஒன்றும் சிரமப்பட வேண்டாம், பேப்பர் பிளேட் போதும்.