பதினோரு சாக்குச் சருகு

"இது உலகத்திலேயே வேற எங்கயும் இல்ல பாட்டா" என்றாள் சுபிதா.

வெள்ளைத் தட்டில் கடுகில் பாதி அளவுக்கு ஏதோ கிடந்தது. ஞானசிங் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். அழுக்கா, வண்டா என்று பிடிபடவில்லை. சுபிதா வண்டு ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. காட்டை ஒட்டிய அவருடைய ஐம்பது சென்ட் ரப்பர் விளையில் இரண்டு வாரத்துக்கு முன் வந்து சருகைச் சலித்துக்கொண்டு போனவள். இந்த வண்டுக்கு இனிமேல்தான் பேரே வைக்க வேண்டுமாம். அதற்கு ஆணும் பெண்ணுமாக இன்னும் சில வேண்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு மார்த்தாண்டம் பஸ் ஏறிவிட்டாள்.

வேறு எங்கும் இல்லை என்பதுதான் ஞானசிங்கை உறுத்தியது. வேறு எங்கும் இல்லாததை அரசாங்கம் சும்மா விடுமா? வேலி போடும். போர்டு வைக்கும். பிறகு தன் விளையில் ஒரு கம்பு வெட்ட அவர் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டும்.

"வண்டுக்கு என்னத்துக்கு வேலி?" என்றாள் அவர் மனைவி நேசபாய்.

"நீ சும்மாயிரி. படிச்சவ குனிஞ்சு பாத்தா அதில காரியம் இருக்கும்."

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் விளையின் சருகு முழுவதையும் வாரினார். பதினோரு உரச்சாக்கு. அத்தனையையும் ஓடைக்கு அக்கரையில் மைதீன் கனியின் விளையில் தட்டிவிட்டு வந்து குளித்தார்.

திங்கட்கிழமை சுபிதா சல்லடையோடு வந்தாள். விளை, வழித்துவிட்ட சட்டிபோலக் கிடந்தது. முழங்காலில் நின்று தேடியும் ஒன்றுமில்லை. அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அழியப்போகிற உயிர் என்று உடனே மேலே எழுதிப் பாதுகாப்புக் கேட்க வேண்டும் என்றாள்.

பாதுகாப்பு என்றதும் ஞானசிங்குக்கு வேலியும் போர்டும் மறுபடி கண்ணில் தெரிந்தன. வண்டு இருந்தாலும் விளை போகும், இல்லாவிட்டாலும் விளை போகும் என்றால் இது என்ன ஜந்து?

"மைதீனுக்க விளையில பாரு மக்கா. அங்கின கூட்டமா கெடக்கும்" என்றார்.

போய்ப் பார்த்தாள். இருபத்தேழு கிடைத்தன. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. இந்த வண்டுக்கு இறக்கை கிடையாது, ஓடையைத் தாண்டாது, பிறகு எப்படி அக்கரைக்குப் போனது? ஒன்றும் புரியாமல் இரண்டு விளையையும் நடுவே உள்ள ஓடையையும் சேர்த்து வரைபடத்தில் வட்டம் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து மைதீன் கனி வந்து சேர்ந்தார். வட்டத்தைப் பார்த்தார். ஞானசிங்கைப் பார்த்தார். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முப்பது வருஷமாக ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்குத் தூக்குச்சட்டி போய்வருகிறது. இனியும் மறைத்தால் விளையோடு அதுவும் போகும் என்று ஞானசிங்குக்குத் தோன்றியது.

"மைதீனே, நான்தான் கொண்டு தட்டினேன். வெள்ளிக்கிழமை, நீ ஜும்மாவுக்குப் போன சமயம். பதினோரு சாக்கு."

மைதீன் கனிக்குக் கோபம் வரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சருகு எனக்கதுதான் அண்ணே. போன மாசம் இந்தப் பிள்ளைக்க காலேஜ் சாரு வந்து எனக்க விளையில கிண்டிப் பாக்கணும்னாரு. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டு, நீங்க ஆராதனைக்குப் போன நேரத்தில நான் உங்க விளையில கொண்டு தட்டினது பத்து சாக்காக்கும்."