ஆமாவை விட்டேன், இல்லயைப் பிடித்தேன்

தன்னைத் தானே திருத்திக்கொள்ளக் கிளம்புகிறவனைப் போல ஆபத்தான ஆள் ஊரில் வேறு யாரும் கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த ஆள் நான்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறியதற்கு மறு வருஷம். எனக்கு இருபத்து நாலு வயது, ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. யார் எதைப் பேசினாலும், அவர்கள் முடிப்பதற்குள் "ஆமா" சொல்லிவிடுவது என் வழக்கம். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காரைக்காலுக்குப் போக வேண்டிய கடிதத்தை மாஹேவுக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் ஷெஃப் (ஆபீஸ் பெரியவருக்கு அந்தப் பெயர்; நேரில் 'முசியே', அதாவது ஐயா) என்னைக் கூப்பிட்டார்.

"உன்ன மாதிரி ஒரு மடையன இந்த ஆபீஸ் பாத்ததே இல்ல."

"ஆமாங்க முசியே."

"என்னா, கிண்டல் பண்றியா?"

"ஆமாங்க முசியே."

ஆபீஸே சிரித்தது. அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து சொன்ன ஆமாக்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி ஒரு நோட்டில் கோடு போட்டேன். நாற்பத்தேழு. அதில் எதற்காகச் சொன்னேன் என்பது ஆறுக்குத்தான் நினைவிருந்தது; அதையும் ஓரத்தில் எழுதினேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (மகான்கள் சில்லறை விஷயங்களைக் கவனிப்பதில்லை.) நாளை முதல் யார் எது கேட்டாலும் முதலில் "இல்ல" என்று சொல்வது எனத் தீர்மானம் செய்து, அதையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

பத்தியம் கடுமையாக இருந்தது. "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டா?" என்று அம்மா கேட்டால் இல்ல. அரைப் பட்டினி. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், "இது உங்க வண்டிதானே?" என்றார். இல்ல என்றேன். என் சைக்கிளை அவரிடமிருந்து மீட்க அரை மணி நேரம் மன்றாட வேண்டியிருந்தது. ஆனாலும் மூன்றே வாரத்தில் நோட்டில் ஒரு ஆமாகூட இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதையோடுதான் முத்தியால்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பெண்ணின் அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்பவர். பெண் சரோஜா, ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கேசரித் தட்டை நீட்டியபோது அவள் விரலில் சிவப்பு மைக்கறை இருந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு, 'கட்டினால் இவளைத்தான்' என்று மனசுக்குள் பந்தல்கூடப் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா கேட்டார்.

"தம்பி, பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?"

"இல்ல."

அம்மாவின் வாய்க்குப் போன கேசரி பாதி வழியில் நின்றது. பெண்ணின் அப்பா முகம் வெளுத்து மறுபடி கேட்டார்.

"நெசமாவே புடிக்கலியா தம்பி?"

பயத்தில் என் பயிற்சியெல்லாம் பறந்துபோனது. மூன்று வாரமாகப் பூட்டி வைத்திருந்த பழைய வழக்கம் கதவை உடைத்துக்கொண்டு வந்தது.

"ஆமாங்க."

வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மொத்தமாகப் பேசினாள். "அந்தப் பொண்ணு கண்ணு கலங்கி உள்ள போச்சுடா. நீயெல்லாம் ஒரு ஆம்பளயா?" என் குறையைத் திருத்தப் போய் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கடிகாரக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"இன்னும் என்னா சொல்லணும் ஒனக்கு?"

வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகக் கோடுகளைப் பார்த்துவிட்டு, பையனுக்குச் சித்தப்பிரமை என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து சரோஜா வந்து நோட்டை வாங்கினாள். கடைசிப் பக்கத்தில் நேற்று ராத்திரி நான் எழுதியிருந்த கதைவரை படித்தாள்.

"ஒங்களுக்கு நாக்குல கோளாறு இல்லீங்க, காதுலதான். கேட்டாத்தானே பதில் சொல்றதுக்கு? இனிமே யார் என்னா கேட்டாலும், மொதல்ல அந்தக் கேள்விய திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் பதில் சொல்லுங்க. சரி, என்னைப் புடிச்சிருக்கா?"

"என்னைப் புடிச்சிருக்கான்னு கேட்டீங்க... புடிச்சிருக்கு. ரொம்ப."

"நான் யோசிச்சு சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். பதினைந்து நாள் யோசித்தாள். நியாயம்தானே.

கல்யாணத்தைப் பதிய மேரிக்குப் போனோம். (நகராட்சி மன்றத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.) அதிகாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கச் சம்மதமா என்றார். சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தப் பெண்ண மனைவியா ஏத்துக்கச் சம்மதமான்னு கேட்டீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"கேள்விய நான் கேட்டாச்சு முசியே. பதில மட்டும் சொல்லும்!"

சாட்சிக்கு வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவர் கையெழுத்து பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது.

அந்த வழக்கம் இன்றுவரை போகவில்லை. கேள்வியை நான் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. எதிர்வீட்டுக்காரர் பல வருஷமாக என்னிடம் கத்தித்தான் பேசுகிறார். ஒருநாள் சரோஜாவிடம், "பாவம், தங்கமான மனுசன், காதுதான் மந்தம்" என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

இவள் மறுக்கவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியுங்க. இருந்தாலும் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் கண் கலங்கிவிட்டாராம். அன்றிலிருந்து எங்கள் தெருவில் என் மனைவி ஒரு தியாகி.