இந்த வருடம் இத்ரீஸ் முறை

“டெண்டர் போடுறவங்க கூடிப் பேசி ரேட் போட்டா அது குத்தம். போன வருஷத்துல இருந்து அதுக்குன்னே சட்டம் வந்திருக்கு, டெல்லியில கமிஷன் இருக்கு. தெரிஞ்சா நேரா அங்கே எழுதிப் போடுவேன். அபராதம் தாங்க மாட்டீங்க.”

பேரூராட்சிக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் தேவயானி, எதிரே இருந்த இரண்டு கான்ட்ராக்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். இத்ரீஸ் டீ கிளாஸைப் பாதியிலேயே கீழே வைத்தார். பக்கத்தில் வீரணன், ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் கான்ட்ராக்டர் என்றால் அவர்கள் இருவர்தான். வாய்க்கால் பாலம் மழைக்கு மழை இடிந்து விழும். ஒரு வருடம் இத்ரீஸ் கட்டுவார், மறு வருடம் வீரணன் கட்டுவார். முறை யாருடையதோ அவர் ஒரு தொகை போடுவார், மற்றவர் அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போடுவார். போன மழையில் வீரணனின் மகளைப் பிரசவத்துக்கு ஏற்ற வந்த ஆட்டோ பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, நிறைமாதக்காரி சேற்றில் நடந்துபோனாள். அப்போதுகூட இருவரும், “என்ன மழை, என்ன மழை!” என்று வானத்தைத்தான் வைதார்கள்.

இந்த வருடம் இத்ரீஸ் முறை. அதோடு ஒரு புது நிபந்தனை வேறு: கட்டுகிறவரே ஐந்து வருடம் பாலத்தைப் பராமரிக்க வேண்டும்.

“சல்மா, நானும் வீரணனும் தொலைஞ்சோம்” என்றபடி இத்ரீஸ் வீட்டுக்குள் வந்தார்.

அவர் மனைவி சல்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, “தெனம் ஒரே கடையில, ஒரே பெஞ்சுல உக்காந்து சிரிச்சா சந்தேகப்படாம என்ன செய்வாக? நாலு பேரு பாக்க ஒரு சண்டை போட்டாத்தான் என்ன?” என்றாள்.

இத்ரீசுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீரணனுக்கும் பிடித்துப் போனது. என்னென்ன பேசுவதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, மறுநாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சண்டையைத் தொடங்கினார்கள்.

“நீ கட்டுற பாலம் மழைக்கு நிக்குமாய்யா?” என்றார் இத்ரீஸ்.

“நீ கட்டுறது மழை வர்ற வரைக்கும் நிக்குமா?” என்றார் வீரணன்.

கடையே சிரித்தது. ஒருவர் கை தட்டினார்.

“இது பேசி வச்சதுல இல்லையே மாப்ள” என்று இத்ரீஸ் காதருகே முனகினார்.

“வேகத்துல வந்துருச்சு மாமா.”

சண்டைக்குப் பிறகு சந்திக்கவும் பயம், போனில் பேசவும் பயம். வீரணனின் மனைவி சங்கிலியம்மாளும் சல்மாவும் நெருங்கிய சிநேகிதிகள் என்பதால், அந்த வழியாகத்தான் சேதி போய்வந்தது.

“டீக்கடையில சொன்னது வெளாட்டுக்குத்தானான்னு கேட்டியா?” என்றார் இத்ரீஸ்.

சல்மா தயங்கினாள். “கேட்டேங்க. அண்ணன் நெசமாத்தான் சொன்னாகளாம்.”

நோன்பு வந்தது. வீரணன் வீட்டுக்குக் கொண்டுபோன கஞ்சித் தூக்குவாளியைச் சல்மா அப்படியே திருப்பி எடுத்து வந்தாள். “வேணாம்னுட்டாக. இனிமே அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்ரீஸ் அன்று பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பதை முடித்துக்கொண்டார்.

அடுத்து மார்க்கெட்டிலிருந்து வந்தவள் சொன்னாள்: “வீரணன் அண்ணன் ரேட்டைக் குறைக்கப் போறாகளாம். அஞ்சு வருசம் தாங்குற பாலம் கட்ட உங்களுக்குத் தெரியாதாம். ஊரே பேசுது.”

“எனக்கா தெரியாது?” இத்ரீஸ் தம் தொகையைக் குறைத்தார். வீரணன் இன்னும் குறைத்துவிட்டாராம் என்று மறுநாள் கேள்விப்பட்டு, தாமும் இன்னும் குறைத்தார். பெட்டியில் போடப் போகும்போது, பேரூராட்சி வாசலில் வைத்தே இன்னொரு தடவையும் குறைத்தார்.

டெண்டரைப் பிரித்த தேவயானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். இரண்டு தொகையுமே எஸ்டிமேட்டுக்கு வெகு கீழே இருந்தன. மயிரிழையில் இத்ரீஸ்தான் குறைவு.

“போட்டின்னா இப்படி இருக்கணும்!” என்று அவர் கை குலுக்கினார்.

லாபம் இல்லை. இடிந்தால் ஐந்து வருடமும் சொந்தக் காசில் கட்ட வேண்டும். இதுநாள்வரை வேலை நடக்கும் இடத்துக்கே வராத மனிதர், இப்போது வெயிலில் நின்று ஒவ்வொரு மூட்டை சிமெண்டையும் பார்த்துப் பார்த்துக் கொட்டவைத்தார். பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த சித்தாள் இருளம்மாள் மணலைக் கொஞ்சம் கூடுதலாக அள்ளினால்கூடப் பதறினார்.

ஒருநாள் வீரணன் அந்த வழியாக வந்தார். வாய்க்கால் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“கம்பி நெருக்கம் பத்தாது.”

“ஒன்னைய யாரு கேட்டா?”

“அஞ்சு வருசம் நீதான மாமா தண்டம் அழணும்? மனசு கேக்கல, சொன்னேன்.”

வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். கான்கிரீட் போட்டு முடிக்கிறவரை ஏறவே இல்லை.

சாயங்காலம் இருவரும் சிமெண்ட் அப்பிய கையோடு கரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். தூண்கள் யானையின் கால் மாதிரி ஊன்றி நின்றன. அந்த வாய்க்காலில் அப்படியொரு பாலத்தை இருவருமே பார்த்ததில்லை.

“நாம சேந்துட்டோம் மாப்ள. ஆனா பாவம், வீட்டுல அவுக ரெண்டு பேரு?” என்றார் இத்ரீஸ். “அக்கா தங்கச்சியாட்டம் இருந்தாக. நம்மளால மொகம் பாக்காமப் போயிட்டாக.”

“அதான் எனக்கும் ராவெல்லாம் உறுத்துது. எப்படிச் சேத்து வைக்கிறது?”

சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த இருளம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“யாரு, அக்காமாரு ரெண்டு பேருமா? இந்த மழைக்காவது பாலம் நிக்கட்டும்னு, டெண்டர் போர்டு வச்ச அன்னைல இருந்து தெனம் எங்க வீட்டுல உக்காந்துதான, யாரு வீட்டுக்காரருகிட்ட என்ன சொல்லி மூட்டிவிடணும்னு ரெண்டு பேரும் கூடிப் பேசிட்டுப் போறாக!”