நாய் மூழ்கிய கதையும் நடுவில் மாட்டிய கோப்பையும்

நாட்டுக்குப் பெயர் வந்த கதை சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் மோல்டோவாவில் ஊருக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள், குறைத்துத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்பைத் தாண்டாத என்னாலேயே இவர்களை நடையை வைத்து அடையாளம் காண முடியும். தொண்டையைச் செருமினால் சந்தேகமே வேண்டாம்.

திராட்சைத் தோட்டக்காரர் இலாரியோனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மழை வருமா என்று கேட்டால், பதில் ஒரு நாயிலிருந்து தொடங்கும். திராகோஷ் கோமகன் காட்டெருதை விரட்டி வந்தார், மோல்டா என்ற அவருடைய வேட்டை நாய் ஆற்றில் மூழ்கிச் செத்தது, ஆற்றுக்கு நாயின் பெயர், நாட்டுக்கு ஆற்றின் பெயர். நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன், பார்த்தீர்களா? இலாரியோனுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். மக்காச்சோளக் களி ஆறினால் கதையில் துருக்கியர் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பால்கட்டி வியர்த்தால் ரஷ்யர். சுதந்திரம் வரை உட்கார்ந்து கேட்டவர் இன்னும் பிறக்கவில்லை. அந்த ஆறு இன்று எங்கள் எல்லைக்குள் ஓடவே இல்லை, பக்கத்து ருமேனியாவில் ஓடுகிறது. அதை இலாரியோனிடம் சொல்வது யார்? நீங்கள் சொல்வீர்களா?

எங்கள் மேசையில் மதுக் கோப்பை ஒன்றுதான். கையில் வாங்கியவர் ஒரு வார்த்தை சொல்லிக் குடித்துவிட்டு, நிரப்பி அடுத்தவருக்குத் தர வேண்டும். அதுவரை மற்றவர்கள் நாக்கு வறண்டு காத்திருக்க வேண்டியதுதான். குடிக்காமல் கீழே வைத்தால் முறை போய்விடும், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். பெண் கேட்டு வந்த இடத்தில் கோப்பையோடு சொன்ன வார்த்தைதான் செல்லும்.

இலாரியோனின் மகள் வியோரிகாவைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பதினைந்து நாளில் மாப்பிள்ளைக்கு இத்தாலியில் வேலை. போனால் திரும்ப இரண்டு ஆண்டு ஆகும். போன வருடம் வந்த சம்பந்தம் துருக்கியர் காலத்திலேயே எழுந்து போய்விட்டது. ஆகவே வியோரிகா கதவோரம் நின்று அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்கு பஸ் சம்பந்தி. கல்யாணத் தேதிய மட்டும் சொல்லிடுங்க," என்றார் மாப்பிள்ளையின் தந்தை பந்தெலிமோன்.

"சொல்றேன். நாட்டுக்குப் பேரு எப்படி வந்துச்சுன்னு தெரியாம வீட்டுக்கு மருமக எடுக்கலாமா?"

கதை சொல்லாமல் கொடுத்த சம்மதம் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை மாதிரி என்பது இலாரியோனின் எண்ணம். கோப்பையை உயர்த்தினார். கோமகன் புறப்பட்டார், எருது ஓடியது, நாய் குரைத்தது. களியில் ஏடு கட்டத் தொடங்கியது.

பந்தெலிமோன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நாய் தண்ணீரில் குதித்ததும் அவராலும் முடியவில்லை. அவரும் அந்த இனந்தான்.

"நாயா? யாரு சொன்னா உங்களுக்கு? மோலிட் மரம் சம்பந்தி. ஆத்தங்கரை பூரா அந்த மரந்தான். அதுலேர்ந்து வந்த பேரு."

"மரத்த வெச்சு எவனாவது நாட்டுக்குப் பேரு வைப்பானா?"

"செத்த நாய வெச்சு வெக்கிறதுக்கு மரம் எவ்வளவோ மேலு."

மாப்பிள்ளை தன் காலணியை உற்றுப் பார்த்தான். வியோரிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம்புட்டுப் பெரிய நாயின்னு தெரியுமாய்யா அது?" என்றார் இலாரியோன். அளவு காட்ட ஒரு கை போதவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார்.

பக்கத்தில் இருந்தவள் அவருடைய மனைவி ப்ரோஃபிரா. கோப்பையை எடுத்தாள்.

"பையன் நல்லவன். பொண்ணுக்குப் புடிச்சிருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணம்." மடமடவென்று குடித்தாள், நிரப்பினாள், மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவன் 'சரி' என்று சொல்லி மூச்சு விடாமல் குடித்து முடித்தான்.

இலாரியோனின் கைகள் நாயின் நீளத்துக்கு அப்படியே விரிந்திருந்தன. "இன்னும் நாயி கரைக்கே வரலியே," என்றார்.

"அது வராதுங்க. செத்துப் போச்சு. நீங்க களியச் சாப்பிடுங்க," என்றாள் ப்ரோஃபிரா.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். நாய் மூழ்கிய இடத்தைப் படிக்கும்போதே, 'எங்க ஊருக்குப் பேரு வந்த கதை இதைவிடப் பெரிசு' என்று உங்கள் உதடு அசைந்ததா இல்லையா? அசைந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். கதையைத் தொடங்குமுன் கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.