ஏ1 அணில், ஏ2 வால்

ஒரு காட்டில், சட்டம் எல்லா மிருகத்துக்கும் ஒன்றுதான் என்று பலகை எழுதி, அந்தப் பலகையைச் சுற்றி முள்வேலியும் போட்டிருந்த காட்டில், பொன்னுத்தாயி என்றொரு அணில் இருந்தாள். ஒருநாள் கரடியார், தன் தோட்டத்துப் பலாப்பழத்தைக் காணோம் என்று புகார் கொடுத்தார். அவர் வாயோரத்தில் பலாப்பிசின் இன்னும் காயக்கூட இல்லை. ஆனால் மரத்தில் இருந்த பாவத்துக்குப் பொன்னுத்தாயியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இன்ஸ்பெக்டர் நரி பிரிவுகளை அடுக்கினார். "பழம் எடுத்தது திருட்டு. மரம் ஏறினது அத்துமீறல். வாலையும் கூட்டிட்டு வந்தது கூட்டுச்சதி."

"ஐயா, அது என் வாலுய்யா!"

"தொடர்பை ஒத்துக்கிட்டா. எழுதுங்க ஏட்டய்யா. ஏ1 அணில், ஏ2 வால். ஜாமீன் கிடையாது."

நீதிபதி மலைப்பாம்பு. சாப்பாட்டை விழுங்கினால் கண் திறக்க மாதக்கணக்காகும். சாப்பாடு பெரும்பாலும் சாட்சிகள்தான். வக்கீல் கொக்கோ ஒற்றைக்காலில் நின்று வாங்கியதெல்லாம் வாய்தா. கண் திறக்காத குட்டிகளைக் கூட்டில் விட்டு வந்த பொன்னுத்தாயிக்கு, அந்தக் குட்டிகளுக்கே குட்டி பிறந்த சேதி சிறைக்கு வந்து சேர்ந்தது.

"சார், இந்தக் கேஸுக்கு அதிகபட்சம் எவ்வளவு?" என்று வக்கீலைக் கேட்டாள்.

"ஒரு மழைக்காலம்மா."

"நான் ரெண்டு முடிச்சிட்டேனே!"

"அது தண்டனை இல்லம்மா, விசாரணை. தண்டனை குற்றவாளிக்குத்தான். நீதான் நிரபராதின்னு அடம்பிடிக்கிறியே, அப்போ உள்ளதான் இருக்கணும். செஞ்சேன்னு சொல்லு, சாயங்காலம் வீட்டுல இருப்பே."

"என்னைவிடப் பத்து மடங்கு பெரிய பழம் சார்! நான் எப்படித் தூக்குவேன்?"

"நியாயம்தான். நியாயம் பேசினா இன்னும் ஒரு மழை ஆகும், பரவாயில்லையா?"

பொன்னுத்தாயி பல்லைக் கடித்தாள். கூண்டில் ஏறி, "நாந்தான் எடுத்தேன். நானும் என் வாலும்" என்றாள்.

மலைப்பாம்பு கொட்டாவி விட்டது. "ஒரு மழைக்காலம். கழிஞ்சாச்சு. போகலாம்."

"கூடுதலா ஒண்ணு இருந்திருக்கேனே ஐயா, அதை யார்கிட்ட வாங்கறது?"

கோர்ட்டே சிரித்தது.

வீட்டுக்குப் போனாள். பிள்ளை, பேரன், பேத்தி எல்லாரையும் திரட்டினாள். நேரே கரடியார் தோட்டம். ஆளுக்கொரு கடியில் காம்பு அறுந்து, தொப்பென்று விழுந்தது பழம்.

கரடியார் ஓடிவந்தார். "அடியே திருடி! பட்டப்பகல்லயேவா?"

பொன்னுத்தாயி சுளையைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்தாள். "தண்டனை முடிஞ்சுது கரடியாரே, பழந்தான் பாக்கி. ஒரு மழைக்கு ஒரு பழம். ரெண்டாவது எந்தக் கிளையில இருக்கு?"

நீதி: தண்டனையை முதலில் அனுபவித்துவிடுங்கள், குற்றத்தை அப்புறம் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.