சம்பந்தியோடு சஹன் உண்ண வைத்த லேகியம்

தென்காசி

அன்புள்ள மச்சான் ஆசிக்குக்கு மசூது எழுதுவது. ஸலாம். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அக்கா ஜாஹிராவும் சுகம். ஷார்ஜாவில் நீயும் குறைவில்லாமல் இருக்க துஆச் செய்கிறோம். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் வயிற்றைப் பற்றிக் குடும்ப குரூப்பில் ஒரு வரி போட்டால், ஆளாளுக்கு வைத்தியராகி விடுகிறார்கள். அதனால் லீவு முடிந்து திரும்பும் உன் கூட்டாளி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் அஜீரணம் நீ அறியாததல்ல. இட்லி தின்றாலே நெஞ்சு எரிந்து, வயிறு ஊதி, என் கடையில் துணி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஏப்பம் வரும். அதோடு காலத்தை ஓட்டியிருப்பேன். நம் சனோபருக்கு அச்சன்புதூரில் மாப்பிள்ளை பேசியதும் அது குடும்ப விவகாரமாகிவிட்டது. நிச்சயத்தன்று என்னையும் சம்பந்தியையும் ஒரே சஹனில் உட்கார வைத்தார்கள். நாலு பேருக்குப் பொதுவாக ஒரே பெரிய தட்டு, நிறையப் பிரியாணி. நானோ பருக்கைகளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். சம்பந்தி கையைக் கழுவும்போது, "நம்ம வீட்டுச் சோறு அவுகளுக்கு எறங்கல போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாணத்தன்றும் இப்படி உட்கார்ந்தால் என் பிள்ளை அந்த வீட்டில் எந்த முகத்தோடு வாழும்? எனக்குத் தூக்கமே போயிற்று.

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும், எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வயிற்றுச் சூடு தணியும் என்று உன் அக்கா விரட்டினாள். போனேன். தேய்த்தவர் வயிற்றைப் பரோட்டா மாவாகப் பிசைந்தார், அருவி முதுகில் அறைந்தது, ஏப்பம் மட்டும் அசையவில்லை. ஈரத் துண்டோடு வருகையில், சீசனுக்குக் கடை போட்டிருந்த ஒரு மலையாளியின் மருந்துக்கடை கண்ணில் பட்டது. "அண்ணாச்சி, வயித்தாட்டி எடுக்குது, ஏதாவது குடுங்க" என்றேன். "எத்ர திவசமாயி?" என்றார். எத்தனை நாளாச்சு என்று கேட்கிறார், இதுகூடவா நமக்குப் புரியாது? "நாளா? மூணு வருசமாச்சு" என்றேன். மனிதர் என்னையே வெறித்துப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய லேகிய டப்பாவை எடுத்துக் கொடுத்தார். லேபிள் முழுக்க மலையாளம், ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

மச்சான், அதை என்னவென்று சொல்வேன். சுக்கும் கருப்பட்டியும் மணக்கும். காலையும் இரவும் ஒரு ஸ்பூன் தின்றேன். ஏப்பம் நின்றது, எரிச்சல் நின்றது, பசி என்ற ஒன்று வந்தது. உன் அக்கா மதியக் குழம்பை ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று சம்பந்திக்கு நேரே உட்கார்ந்து நான் சாப்பிட்ட வேகத்தில், கூட இருந்த இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள். சம்பந்தி தன் பங்குக் கறியை என் பக்கம் தள்ளி, "தின்னுங்க சம்மந்தி, இப்பதான் மனசு நெறஞ்சிருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கும் நெஞ்செரிச்சல் உண்டும். வெளிய சொல்லாதிய. என்ன மருந்து திங்கிய?" என்று கேட்டார். மறுநாளே அவருக்கென்று ஒரு புது டப்பாவைச் சனோபரின் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டேன்.

உனக்கும் இதோடு டப்பா வருகிறது. கூச்சப்படாமல் தின்னு, கூட இருப்பவர்களுக்கும் கொடு. உன் சம்பாத்தியத்திலும் சாப்பாட்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
வயிறு குளிர்ந்த மசூது

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அச்சன்புதூரிலிருந்து போன். சம்பந்தியம்மா பிறந்தது கேரளத்துப் புனலூராம், லேபிளைப் படித்துவிட்டார். அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பிரசவ லேகியமாம். "கல்யாணப் பந்தலே இன்னும் பிரிக்கல, புதுப்பொண்ணு பெட்டியில இது யாருக்குண்ணே?" என்று கேட்டார். நான்தான் தின்கிறேன் என்றேன், நம்பவில்லை. "வயித்தாட்டி எடுக்குது" என்று கடையில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "யா அல்லாஹ், வயற்றாட்டின்னா எங்க ஊர்ல பிரசவம் பாக்குற மருத்துவச்சி" என்றவர் அதற்குமேல் பேச முடியாமல் சிரித்தார். சம்பந்தியோ, தான் கேட்ட மருந்து என்று சொல்ல வெட்கப்பட்டு, பள்ளிவாசலுக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். நானே வந்து அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். இதோ பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். உன் டப்பாவைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன், யாரிடமும் வாயைத் திறக்காதே. போனைச் சனோபர் வாங்கி, "வாப்பா, சீக்கிரம் வாங்க, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது" என்றாள். ஒரு ஸ்பூன் லேகியம் போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அதையும் நானே விழுங்கிவிட்டேன்.