நான்கு எலுமிச்சம்பழமும் ஓர் அமெரிக்கக் காரும்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'பொம்மை' என்ற சொல்லை என் காதுபட யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு குடும்பத்துக்கே ஆறு மாதம் தடை போட்டவன் நான். அதுவும் என்னைப் பெற்ற குடும்பத்துக்கு அல்ல, எனக்குப் பெண் கொடுத்த குடும்பத்துக்கு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத மாப்பிள்ளை என்பதால் அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு நடந்ததற்கு யார் பொறுப்பு என்பதில் எனக்கும் அவர்களுக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. என் பக்கத்து நியாயத்தை யாராவது எழுதி வைக்க வேண்டும். வேறு யாரும் முன்வராததால் நானே எழுதுகிறேன். நேரம், அளவு எல்லாம் என் நாட்குறிப்பில் உள்ளபடி. என் மனைவி கோமதி சொல்வதை நம்ப வேண்டாம். (அவள் எலுமிச்சம்பழம் ஐந்து என்பாள். நான்குதான்.)

அது 1982. தென்காசியில் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தேன். மாமனார் இரண்டு லாரி வைத்துத் தொழில் செய்தவர்; தன் வீட்டு மாடியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அப்போது ஐந்தருவி போகும் வழியில் டாக்டர் தேவசகாயம் என்று ஒருவர் வசித்தார். சிலோனில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். வங்கிப் பழக்கத்தில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோதுதான் அந்தக் காரைப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் வாங்கி நாமே ஒட்டிச் செய்கிற கார் அது. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். ஐம்பதுகளில் ஓடிய ஓர் அமெரிக்க வண்டியை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கியது. பின்னால் மீன் துடுப்பு போல இரண்டு இறக்கைகள். டாக்டர் அதைத் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். அந்தக் கையை நம்பி எத்தனை பேர் வயிற்றைக் காட்டியிருப்பார்கள் என்று அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பசை மூக்குச்சளி போல வழிந்து உறைந்திருந்தது. ஒரு கதவு கோணல். மேலே வீடு வெள்ளையடிக்கும் தூரிகையால் தீட்டியது போல நீலப் பெயிண்ட்.

சென்னையில் படித்த காலத்தில் பழைய பொருள் கடையில் உடைந்த மாடல் கார்களை வாங்கி, பிரித்துப் பூட்டி இந்த வித்தையைக் கற்றிருந்தேன். அதைச் சொன்னதும் டாக்டர் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே இன்னும் மூன்று பெட்டிகள். மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காதவை.

"இதைச் சரி பண்ணிக் காட்டும். சிலோன்ல நான் வச்சிருந்த வண்டி மாதிரி மேல ஒரு கேரியரும் அதே நம்பர் பிளேட்டும் வேணும். எனக்குப் பிடிச்சிருந்தா அந்த மூணும் உமக்கு" என்றார்.

மறுநாள் வங்கியில் தேதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன். பணியில் சேர்ந்த பிறகு அதுவே முதல் முறை.

ஆறு மாதம் உழைத்தேன். பழைய பெயிண்ட் போக பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். (நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் தொட்டிருந்தால் பிளாஸ்டிக்கே கரைந்திருக்கும். இது தெரிந்தவர்கள் அன்று தென்காசி வட்டாரத்திலேயே என்னைத் தவிர எவரும் இல்லை என்பது என் துணிபு.) பம்பருக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வழித்து ஒட்டினேன். மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, நூலாக இழுத்து ஏரியல் செய்தேன். அதே நூலைக் கட்டம் கட்டமாக ஒட்டிக் கூரைமேல் கேரியர். குற்றாலச் சாரல் தொடங்கியதும் பெயிண்ட் காயாமல் வெள்ளையாகப் பூத்தது; பிஸ்கட் டப்பாவுக்குள் அறுபது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு உலர்த்தினேன். நம்பர் பிளேட்டை மூன்று மயிர் மட்டும் விட்டுக் கத்தரித்த பிரஷ்ஷால் எழுதினேன். எழுதும்போது மூச்சு விடவில்லை.

இவ்வளவு செய்தவனிடம் வந்து வீட்டில் உள்ளவர்கள் என்ன கேட்பார்கள்? "பொம்ம ஓடுமா?" என்று கேட்டார்கள். மாமா கேட்டார். லாரி டிரைவர் மாடசாமி அண்ணாச்சி கேட்டார். பால்காரர்கூட மாடி ஏறி வந்து கேட்டார். கடைசியில் அத்தை, அதாவது என் மாமியார், காபியோடு வந்து, "பொம்மைய ஓரமா வச்சிட்டு இதக் குடிங்க" என்றபோது என் பொறுமை போயிற்று.

"அத்தை, இது பொம்மை இல்ல. வண்டி. இன்ஜின் இருக்கு, ரேடியேட்டர் இருக்கு, ஸ்டெப்னி இருக்கு. அளவுதான் சின்னது. மத்தபடி மாமாவோட அம்பாசிடருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது."

அத்தை பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். பிறகு யார் 'பொம்மை' என்று சொன்னாலும், "ஏட்டி, வண்டின்னு சொல்லு. மாப்பிள்ளைக்குக் கோவம் வரும்" என்று அவரே திருத்தத் தொடங்கினார். நான் வென்றுவிட்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியின் கீழ் கோடும் போட்டிருக்கிறேன், மூடன்.

ஆயுத பூஜை விடுமுறையன்று மாலை வந்து பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். காரை மாடி மேசைமேல் வைத்துத் துணியால் மூடிவிட்டு, 3.20 பஸ்ஸில் குற்றாலம் போனேன், அவரை அழைத்து வர. கதவைப் பூட்டவில்லை. பூட்டும் அளவுக்கு அந்த வீட்டில் யாரையும் நான் சந்தேகித்ததில்லை. இப்போது எல்லோரையும் சந்தேகிக்கிறேன்.

டிரைவருக்குப் பூஜை விடுமுறை என்பதால் டாக்டரே ஓட்ட, அவருடைய பழைய காரிலேயே திரும்பினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். "ஒரு விரல் ரேகை பாத்துட்டீங்கன்னா நான் அந்தப் பெட்டிகளைக் கேக்கவே மாட்டேன் சார்" என்றுகூடச் சொன்னேன்.

4.50. வீட்டு முன் வண்டி நின்றது. கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு வாகனங்கள் வரிசையாக நின்றன. லாரி, லாரி, அம்பாசிடர், மாமாவின் ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகை. பலகையின் மேல் என் அமெரிக்கக் கார்.

முன் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி. பம்பரில் குங்குமம். கதவு, இறக்கை, டிக்கி எங்கும் சந்தனம். அதில் அத்தையின் கட்டைவிரல் ரேகை அவ்வளவு தெளிவாக. சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் நான்கு எலுமிச்சம்பழம். சக்கரத்தின் விட்டம் இருபத்தாறு மில்லிமீட்டர், பழத்தின் விட்டம் நாற்பது (பிறகு அளந்தேன்). வண்டி மலையுச்சியில் மாட்டிக்கொண்டது போல நின்றது. கூரைமேல், நான் நூல் இழுத்து ஒட்டிய கேரியரில், ஒரு வெற்றிலை. வெற்றிலைமேல் கற்பூரம். எரிந்துகொண்டிருந்தது.

இறங்கப் பார்த்தேன். டாக்டரின் காரில் இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து லாரிகள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறின. ஏறும்போது ஹாரன் அடிப்பது மாமா வீட்டு வழக்கம். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கூரையிலிருந்து கன்னங்கரேல் என்று புகை கிளம்பியது. "பாத்தியா, எவ்வளவு திருஷ்டி! ஊர்க்கண்ணு பூரா இந்த வண்டி மேலதான் இருந்திருக்கு" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டது டாக்டர் பக்கம் திறந்திருந்த ஜன்னல் வழியே கேட்டது. கற்பூரம் கூரையைத் துளைத்துக்கொண்டு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தது. டாக்டர் சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குள், லாரியை முடித்துக்கொண்டு வந்த மாடசாமி அண்ணாச்சி கடமை தவறாமல் குனிந்து, உள்ளங்கையைக் காரின் மேல் வைத்து அமுக்கினார். எலுமிச்சம்பழம் ஒன்றும் நசுங்கவில்லை. அச்சு இரண்டும் முறிந்தன.

"ஏறி உக்காந்து ஓட்ட முடியாதுல்லா, அதான் கையால அமுக்குனேன்" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கும் தோரணையில். பிறகு மஞ்சள் தண்ணீரை எடுத்து உள்ளே எரிந்ததை அணைத்தார்.

நான் பேசியதை நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதத் தக்கதாக இல்லை. மாமா மட்டும், "நம்ம வாசல்ல நிக்கிற எந்த வண்டிக்கும் பூசை போடாம விட்டதில்ல, மாப்பிள்ளை" என்று விளக்கம் சொன்னார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நம்பர் பிளேட் மட்டும் முழுதாக இருந்தது. அதை விரலால் தொட்டார். பிறகு அத்தையிடம், "ஏம்மா, இதுக்கு எதுக்குப் பூசை?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை ஆறு மாசமா சொல்லுதாவ, இது பொம்ம இல்ல, வண்டின்னு. வண்டின்னா பூசை போடாண்டாமா? நாளைக்கு ரோட்டுல போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? கற்பூரத்துக்குன்னு மேல எடமும் அவியளே கட்டி வச்சிருக்காவ."

டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். மாடசாமி அண்ணாச்சி நாற்காலி கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. சுண்டலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது என் தோளில் தட்டி, "நீர் வண்டின்னு சொன்னீர். அதை நம்பினது இந்த அம்மா ஒருத்திதான்" என்றார்.

மறுநாள் காலை 9.15க்கு அவர் டிரைவர் மூன்று பெட்டிகளையும் கொண்டுவந்தார். நான் படியிறங்கி ஓடிக் கையை நீட்டினேன். "அம்மாகிட்ட குடுக்கச் சொன்னாவ" என்று என்னைத் தாண்டி உள்ளே போனார்.

அத்தை அவற்றை ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிரித்துத் தருமாறு நான் கேட்டபோதெல்லாம், புது வண்டி எடுக்க நாள் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்னும் நல்ல நாள் வரவில்லை. ஆயுத பூஜைக்கு ஒருமுறை பெட்டிகள் வெளியே வரும், சந்தனம் வாங்கிக்கொண்டு உள்ளே போகும்.

உருகிய காரும் பக்கத்திலேயே இருக்கிறது. பூஜை வரிசையில் அதுதான் கடைசி. அதற்கு நான்கு பழம் எடுத்து வைத்துவிட்டு, என் பிள்ளைகள் உட்பட எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். போன வருடமும் நான் வாயைத் திறந்தேன், ஆறு மாத உழைப்பு என்று. அத்தை என்னைக் கையமர்த்தினார்.

"அந்த ரெண்டு லாரியும் எத்தன தடவ இடிச்சிட்டு வந்து நின்னுச்சு? அம்பாசிடர் பாலத்துல முட்டிச்சு. உங்க வண்டி இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆக்ஸிடென்ட் ஆகியிருக்கா, மாப்பிள்ளை?"

நாட்குறிப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆகவில்லை.